தண்ணீர் வடியும் சப்பாத்து

முறிந்த கணுக்கால்களைப் பார்ப்பதுதான் நிசாந்தினியின் தொழில். ஓக்லாந்து மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறாள். திங்கட்கிழமை என்றால் போதும், வார இறுதியில் காடுமேடு சுற்றப் போனவர்கள் வீங்கிய காலோடு சக்கர நாற்காலியில் வரிசையாக வருவார்கள். அதனால் நாற்பது வயதைத் தாண்டித் தனக்கே வேட்டை ஆசை பிடித்தபோது, கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் உயரம் ஏறும் கனத்த தோல் பூட்ஸைத்தான் முதலில் வாங்கினாள்.

அந்த ஆசையைக் கிளப்பிவிட்டவள் மஹதி. கோயம்புத்தூர்க்காரி, அதே மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை. ஒருநாள் அவள் தானே சுட்ட காட்டு ஆட்டின் இறைச்சியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கறி வைத்துச் சாப்பிட்ட கையோடு நிசாந்தினி துப்பாக்கி லைசென்சுக்கு விண்ணப்பித்துவிட்டாள்.

கணவன் பிருந்தன் வாயைப் பிளந்தான். “துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். நீர் இப்ப காசு குடுத்துத் துவக்கு வாங்கப் போறீரோ?”

“ஓம், வாங்கத்தான் போறன். கறி வைக்கேக்க மட்டும் கோப்பையோட வந்து நிக்காதேங்கோ.”

லைசென்சும் துப்பாக்கியும் கைக்கு வந்ததும் அவர்கள் போனது, கிளீவ்டன் ஊருக்கு அப்பால் மலைக்காட்டை ஒட்டிய ஒரு பண்ணைக்கு. காட்டு ஆடுகள் இறங்கி வந்து புதிதாக நட்ட மரக்கன்றுகளைத் தின்று தீர்த்ததால், பண்ணைக்காரர் இரண்டு பெண்களையும் சந்தோஷமாக உள்ளே விட்டார். ஆனால் முதல் நாளே எல்லாம் பிசகிப்போனது. நிசாந்தினி ஓடையில் கால் வைத்ததும் தண்ணீர் பூட்ஸின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான், வெளியே வர வழியில்லை. இரண்டு வாளிகளில் கால் விட்டு நடப்பது போல் ‘சளக், சளக்’ என்று நடந்தாள். ஆடுகள் அவள் கண்ணில் படவேயில்லை. அவை ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிளாட் புஷ் பகுதியிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பிக் காலுறையைக் கழற்றினால் குதிகால் இரண்டிலும் கொப்புளம்.

மறுவாரம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. எக்ஸ்ரேக்கு வருகிறவர்களிடம், எப்படி விழுந்தீர்கள் என்று விடாமல் கேட்கத் தொடங்கினாள். ஈரப் பாறையில் வழுக்கியது, சேற்றில் சறுக்கியது, களைத்துப்போய்க் காலைத் தூக்க முடியாமல் வேரில் தட்டியது என்றார்கள். அவர்களில் உயரமான பூட்ஸ் போட்டவர்களும் இருந்தார்கள். அப்படியென்றால் தனக்கு வேண்டியது உயரமா, பிடிப்பா? கேள்வி மூளைக்குள் புகுந்ததும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. மஹதியை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

மலைப்பாதையில் ஓடுகிறவர்கள் அணியும் சப்பாத்துகள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தாள். காற்றுப் போல் இருந்தது! அடியில் உழவு இயந்திரத்தின் டயர் மாதிரி ஆழமான பற்கள். ரப்பரை நகத்தால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கியது. மேலே வலைத்துணி.

“அக்கா, இது ஓடறதுக்குப் போடறது. காட்டுல முள்ளு குத்துச்சுன்னா?” என்றாள் மஹதி.

“குத்தினா குத்தட்டும். இதைப் போட்டா எனக்குக் கால் இருக்கிறதே தெரியேல்லை!”

கடைக்குள் இருந்த சரிவில் ஏறி இறங்கினாள். இறங்கும்போது பெருவிரல் முன்னால் முட்டியதால் ஒரு அளவு பெரிதாக வாங்கினாள். முள்ளுக்கும் சரளைக்கும் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் உறை ஒன்று, ஈரமானாலும் சூடு விடாத மெல்லிய கம்பளிக் காலுறை இரண்டு சோடி.

வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குள் போனாள். புதுச் சப்பாத்துக்குள் தண்ணீரை ஊற்றினாள். வலைத்துணி வழியே குடுகுடுவென்று வடிந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டுமே! வாசலில் பிருந்தனின் தண்ணீர் புகாத சப்பாத்து கிடந்தது. அதற்குள்ளும் ஊற்றினாள். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை.

“ஐயோ, என்ர சப்பாத்து!”

“பாருங்கோ பிருந்தன், வெளியில இருந்து வாறதைத் தடுக்குது, உள்ள போனதையும் விடுதில்லை! ஓடைக்குள்ள நடக்கிறவைக்கு இது சரிவராது!” அவள் கைதட்டாத குறை. அவன் ஈரச் சப்பாத்தை அணைத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. காட்டு மரங்களைக் கொல்லும் மண்நோய் பரவாமலிருக்க இருவரும் சப்பாத்துகளைத் தேய்த்துக் கழுவி, மருந்து தெளித்துவிட்டு நுழைந்தார்கள். ஓடைத் தண்ணீர் பனிக்கட்டியாகக் கடித்தது. ஆனால் கரையேறிப் பத்தடி நடப்பதற்குள் வடிந்துவிட்டது, காலுறைக்குள் மெல்ல மெல்லச் சூடு திரும்பியது. அதைவிடப் பெரிய அதிசயம், மெத்தென்ற அடி வழியாகத் தரை பாதத்துக்குத் தெரிந்தது. சுள்ளி முறிவதற்கு முன்பே பாதம் அதை உணர்ந்து விலகியது. இறகு போல் இலை விரித்த பன்னச் செடிகளுக்கிடையில் அவள் நடக்கும் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

மேட்டில் ஏறி எட்டிப் பார்த்தாள். எதிர்ச்சரிவில் ஆடுகள்! ஏழெட்டு நின்றன, ஒன்றும் தலை நிமிரவில்லை. ஒரு முழங்காலை ஊன்றித் துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். அந்த நொடியில் முட்செடி ஒன்று வலைத்துணியைத் துளைத்துச் சுண்டுவிரலில் ஏறியது. கண்ணில் நீர் முட்டியது. பல்லைக் கடித்தபடி, குறியைத் தாண்டிப் பின்னால் மண்மேடுதான் இருக்கிறது என்று இன்னொரு தடவை உறுதிசெய்துகொண்டு, மூச்சை விட்டு விசையை அழுத்தினாள். அவள் குறிவைத்த கருப்பு ஆடு நின்ற இடத்திலேயே சரிந்தது.

“விழுந்துட்டுது! மஹதி, விழுந்துட்டுது!”

“பாத்தேன்க்கா, பாத்தேன்! ஏன் நொண்டறீங்க?”

“நீர் சொன்ன முள்ளுத்தான்!” இரண்டு பேரும் மழையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இறைச்சியை வெட்டிப் பைகளில் கட்டி முதுகில் ஏற்றினார்கள். களிமண் சரிவில் மஹதி கனத்த பூட்ஸோடு ஒரு அடி ஏறி அரை அடி சறுக்கினாள். நிசாந்தினி பற்களை மண்ணில் பதித்துப் பதித்து முன்னால் போய், மேலிருந்து கை நீட்டி அவளை இழுத்துவிட்டாள்.

வேலியருகே வந்ததும் மஹதி பையை இறக்கிப் போட்டுவிட்டுப் புல்லில் மல்லாந்தாள். நிசாந்தினி உட்காரவில்லை. மழைத்திரைக்குப் பின்னால் பச்சையாகத் தெரிந்த அடுத்த மலைமுதுகைக் காட்டினாள்.

“அங்காலயும் ஆடு இருக்குமோ?”

“அக்கா, இன்னைக்கு என்னை விட்டுடுங்க!”

“இல்லை, சும்மா ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாறன்,” என்று சொல்லிவிட்டு அவள் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தாள்.