பின்பக்கத்திலிருந்து கிழிபடும் கதைகள்

பிளாஸ்டிக் கவர் கூடாது என்று ஆன பிறகுதான் எங்கள் மளிகைக் கடைக்குப் புத்தகங்கள் வர ஆரம்பித்தன. படிப்பதற்கு அல்ல, பொட்டலம் கட்டுவதற்கு. பழைய பேப்பர்க்காரர் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். சோம்புக்கும் கசகசாவுக்கும் செய்தித்தாளைவிடப் புத்தகத் தாள்தான் அளவாக இருக்கும் என்பது என் கணவரின் கண்டுபிடிப்பு. அவர் பொட்டலம் கட்டுவார். நான் கல்லாவில் உட்கார்ந்து, கிழிபடாமல் மிச்சமிருப்பதைப் படிப்பேன். இலக்கியம் தெரிந்தவர்கள் இதை வாசிப்பு என்று ஒத்துக்கொள்வார்களா தெரியாது. எனக்கு அந்தக் கவலையும் இல்லை.

எதைப் படிப்பது என்பதை மூட்டைதான் தீர்மானிக்கும். மாசி மாதம் முழுக்கத் துப்பறியும் கதைகள். அப்புறம் ஒரு ராஜா ராணி கதை, சர்க்கரை நோயாளிகளுக்கான சமையல் குறிப்பு, யாரோ இமயமலைக்கு நடந்து போய்வந்த அனுபவம், நடுநடுவே பேய்க்கதை. மதியத்தில் செஞ்சிக் கடைத்தெருவில் ஈ காக்கை இருக்காது. எதிர்க்கடைத் தகரத்துக்கு மேலே ராஜகிரிக் கோட்டை மலை வெயிலில் வெளுத்துக் கிடக்கும். புத்தகம் மடியில் இருக்க, கண் செருகும். அப்போது எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோகும். துப்பறிகிறவர் திருவண்ணாமலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து என்னிடம் சில்லறை கேட்பார். ராணி மலைமேல் யாருக்காகவோ காத்து நிற்பாள். பேய் பனமலை ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருக்கும், எனக்குத் துளியும் பயம் வராது. யாராவது வந்து கால் கிலோ துவரம்பருப்பு கேட்டதும் எல்லோரும் அவரவர் புத்தகத்துக்குள் போய்விடுவார்கள். அந்த அரைத்தூக்கத்தில் நான் இருந்த மாதிரி சந்தோஷமாக வேறெங்கும் இருந்ததில்லை.

ஒரே தொல்லை, என் கணவர் எந்தப் புத்தகத்தையும் பின்பக்கத்திலிருந்துதான் கிழிப்பார். அவர்கள் குடும்பத்தில் புதுக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்துக்கு மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, அதைக் கிழியாமல் காப்பாற்றுவார்கள். முதல் பக்கம் போனால் வியாபாரம் போய்விடும் என்பது மாமனார் வைத்துவிட்டுப் போன சட்டம். இந்த மனிதர் அதைக் கதைப் புத்தகத்துக்கும் சேர்த்துக்கொண்டார். ஆக, நான் முன்னாலிருந்து படித்துக்கொண்டு போவேன், அவர் பின்னாலிருந்து கிழித்துக்கொண்டு வருவார். நடுவில் எங்கேயோ முட்டிக்கொள்வோம். கொலைகாரன் யார் என்று தெரியாமலேயே எத்தனையோ கொலைகளை நான் விட்டிருக்கிறேன். சண்டை போட்டால், புத்தகம் படிக்கவா கடை வைத்திருக்கிறோம் என்பார். ஒருமுறை, வாடிக்கையாக வரும் அனந்தபுரத்து அம்மாவிடம் சோம்பு கட்டிய தாளைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னேன். பாவம், பத்திரமாக மடித்துக் கொண்டுவந்தார். அதில் பாகற்காய்ப் பச்சடி செய்முறை இருந்தது.

கொலைகள் போனால் போகட்டும். ஆடியில் வந்த ஒரு நாவலைத்தான் என்னால் விட முடியவில்லை. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன தங்கையை ஊர் ஊராகத் தேடுகிறாள் ஓர் அக்கா. மழை பெய்யும் ஒரு சாயங்காலம், ரயிலில், எதிர் இருக்கையில் ஒருத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிறாள். அவள் பாதத்தில் ஒரு பழைய தழும்பு தெரிகிறது. அக்கா கையை நீட்டி முந்தானையைத் தொடப் போகிறாள். அதோடு தாள் தீர்ந்துவிட்டது. மிச்சம், தனியாவோடு யார் வீட்டுக்கோ போயிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அந்த ஆடி முடிவதற்குள் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மூட்டை தூக்கியதில் பிடிப்பு என்று சொல்லி ஓமம் மென்றுகொண்டு திரிந்தார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் காட்டியபோது இருதயத்தில் அடைப்பு என்றார்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். இவர் இல்லாமல் அந்தக் கடையில் நான் எப்படி உட்காருவேன் என்று பயமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் வரவில்லை.

ஆபரேஷன் அன்று காலை, பச்சைத் துணி உடுத்திப் படுக்கவைத்திருந்தார்கள். தள்ளிக்கொண்டு போக ஆள் வருவதற்குள் என் முகத்தைப் பார்த்தார்.

"அந்த ரயிலு கதை இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. இந்த மனிதர் விலைப்பட்டியலுக்கு மேல் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

"கிழிக்கிறப்ப கண்ணுல படாதா? எல்லாக் கதைக்கும் முடிவு எனக்குத் தெரியும். முன்னாடி இன்னா நடந்துச்சுன்னுதான் தெரியாது. அது உனக்குத்தான் தெரியும்."

"அப்ப சொல்லுங்க."

"வந்து சொல்றேன்."

தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கண் செருகியது. துப்பறிகிறவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், எதையும் துப்பறியவில்லை. ராணி மலையிலிருந்து இறங்கி வந்து ஜன்னலோரம் நின்றாள். வராந்தா மெல்ல ரயிலாகி ஓட ஆரம்பித்தது. வெளியே மழை. எதிரே முகம் மூடிப் படுத்திருந்தது யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் கையை நீட்டத் துணிச்சல் வரவில்லை. நர்ஸ் என் தோளைத் தொட்டு, நல்லபடியாக முடிந்தது என்று சொன்னபோது, அதுவும் ஏதோ ஒரு புத்தகத்தில் வருகிற வரி மாதிரித்தான் இருந்தது.

இப்போது அவர் கல்லாவில் உட்காருகிறார். நான் பொட்டலம் கட்டுகிறேன், நானும் பின்பக்கத்திலிருந்துதான் கிழிக்கிறேன். கடைக்கு வந்த முதல் நாளே, "அந்தத் தங்கச்சி" என்று ஆரம்பித்தார். கசகசா டப்பாவை எடுக்கச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். மறுநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தார். ரசம் ஊற்றினேன். நேற்று மதியம், தெருவில் ஆள் இல்லாத நேரத்தில், அவருக்கே பொறுக்கவில்லை.

"அம்மாம் அழுதியே, எப்பதான் கேக்கப் போற?"

"சொல்லிட்டா உங்க வேலை முடிஞ்சிரும்" என்றேன். "இருக்கட்டும்."

சிரிக்கப் பார்த்தார். தையல் வலித்திருக்க வேண்டும், நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு அடுத்த புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்து, என்னைப் படித்துக் காட்டச் சொன்னார்.