கை தூக்கியவர்களில் ஒருவன்

எனக்கு முன்கோபம் அதிகம். சுரங்கத்தில் மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டிலும் அதே குரல்தான். அப்படிப்பட்டவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு ஒரே பிள்ளை. பையன் என்று வளர்த்தோம். இருபத்து மூன்று வயதில் சென்னையிலிருந்து போன் செய்து, "அப்பா, நான் பொண்ணுப்பா," என்றாள். கத்தினேன். அன்று சொன்னதையெல்லாம் எழுதக் கை கூசுகிறது. மனைவி இறந்துபோன பிறகுதான் மறுபடி பேச்சு வந்தது, ஞாயிறுதோறும். மற்ற ஆறு நாளும் குவார்ட்டர்ஸில் டிவிதான் பேசும். அக்கம்பக்கத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது. கேட்டால், "பையன் மெட்ராஸ்ல இருக்கான், லீவு கிடைக்கல," என்பேன்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கேட்டாள்: "வூட்டுக்கு வரட்டாப்பா? புடவையிலதான் வருவேன். பஸ் ஸ்டாண்டுலேந்து நம்ம வூடு வரைக்கும் என்கூட நடந்து வருவியா?"

"வாம்மா. இதென்ன கேள்வி?" என்றேன். வருகிற சனிக்கிழமை காலை என்று முடிவாயிற்று.

அந்த வாரம் பார்த்துத்தானா ஒரு பெரிய எழுத்தாளரின் பேட்டி வர வேண்டும்! திருநங்கைகளைப் பெண்களாக ஏற்க முடியாது, இதெல்லாம் இப்போது கிளம்பியிருக்கும் மோகம் என்கிற மாதிரி பேசியிருந்தார். அவருக்குக் கொடுத்த விருதைத் திரும்ப வாங்கு என்றது ஒரு கூட்டம். அவர் வாயை அடைக்க நீ யார் என்றது இன்னொரு கூட்டம். அவருடைய நாவல்களை என் மகளுக்கு வாங்கிக் கொடுத்தவனே நான்தான். ஒன்பதாம் வகுப்பில் அதில் ஒன்றைப் படித்துவிட்டுச் சோறு இறங்காமல் அழுத பிள்ளை அவள்.

புதன்கிழமை எங்கள் டவுன்ஷிப் வாசகர் வட்டம் கூடியது. பெரும்பாலும் ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள். செயலாளர் எழுந்து, "நம்ம எழுத்தாளருக்கு ஆதரவா ஒரு தீர்மானம் போட்டுருவோம். அவர் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்லைங்க. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க," என்றார். சுரங்க வாசலில் யூனியன் போடும் கேட் மீட்டிங்கில் தலைவர் கேட்டதும் கை தூக்கியே பழகிய கூட்டம். மளமளவென்று கைகள் எழுந்தன. என்னுடையதும் எழுந்தது. யாரோ போட்டோ எடுத்தார்கள். பிறகு டீ வந்தது. குடித்தேன்.

வெள்ளிக்கிழமை மகள் கூப்பிட்டாள். அந்தப் போட்டோ பேஸ்புக்கில் அவள் கண்ணிலும் பட்டிருந்தது.

"ரெண்டாவது வரிசையில கை தூக்கினு இருக்கறது நீதானப்பா?"

"ஆமாம்மா. யூனியன் பழக்கம்... எல்லாரும் தூக்குனாங்க, தன்னால..."

"பழக்கமாப்பா?"

அதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லை. "பயந்துட்டேம்மா. தூக்கலன்னா ஏன்னு கேப்பாங்களேன்னு."

அழுகிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அழவில்லை. "நாலு சுவத்துக்குள்ள கைய கீழ வெச்சுக்க முடியல உன்னால. பட்டப்பகல்ல என்கூட எப்பிடிப்பா நடந்து வருவ?" என்றாள். போனை வைத்துவிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். மனசு கேட்காமல் வந்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை. சென்னையிலிருந்து பண்ருட்டி வழியாக வந்த ஒவ்வொரு பஸ்ஸின் படிக்கட்டையும் பார்த்தேன். புடவை கட்டி இறங்கிய எல்லார் முகத்தையும் பார்த்தேன். பன்னிரண்டு மணி வாக்கில், பக்கத்து பிளாக்கில் குடியிருப்பவர் ஸ்கூட்டரை நிறுத்தி, "யாருக்கு சார் வெயிட் பண்றீங்க?" என்றார்.

"என் பொண்ணுக்கு."

"உங்களுக்குப் பையன்தானே சார்?"

"இல்ல, பொண்ணு. என் பையன்னு நான் சொல்லிக்கிட்டிருந்தது என் பொண்ணைத்தான்."

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அவ்வளவுதான். இதைச் சொல்லவா இத்தனை வருஷம் ஆயிற்று, அட பாவி! சொன்னபோது அதைக் கேட்க அவள் பக்கத்தில் இல்லை. வீடு வரைக்கும் தனியாகவே நடந்தேன்.