எதிர்ச்சாரிக்குப் போன பால்வாடி

வேலை தேடுவதும் ஒரு தொழில்தான். அதில் பாதி நேரம் தப்பான ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தே போய்விடும். அப்படி உட்கார்ந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

எண்பதுகளின் தொடக்கம். கான்வென்ட் படிப்போடு ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு, அடுப்படியே கதியாக இருந்தேன். பால்வாடி டீச்சர் வேலையாவது வேண்டும். முப்பது வயது தாண்டினால் அதுவும் கிடையாது. எனக்கு ஆவணியில் முப்பது முடிகிறது.

ஊருக்குள் இருக்கிறது, ஊருக்கு இல்லை

முதலில் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ். காலையிலிருந்து காத்திருந்த பிறகு கிளார்க், "எந்த கிராமம்?" என்றார். "ஆரணிதான்" என்றேன். யூனியன் சுற்றுப்பட்டு கிராமங்களுக்குத்தானாம், டவுனுக்கு நகராட்சியாம். "ஆபீஸ் டவுனுக்குள்ளதானே இருக்கு?" என்று விடாமல் கேட்டேன்.

"நானும்தான் டவுன்ல குந்திகினு இருக்கேன். அதுக்காக என்னை நகராட்சி கமிஷனர்னு சொல்லுவீங்களாம்மா?"

சேர்மன் சொன்னார்

"சேர்மன் ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார் என் வீட்டுக்காரர். ஊரே சேர்மன் என்று கூப்பிடும் அந்தப் பட்டுக்கடைக்காரரும், "நான் அனுப்பினேன்னு சொல்லும்மா" என்று கையை உயர்த்தினார். நகராட்சியில் போய்த் தலை நிமிர்ந்து சொன்னேன். மேனேஜர் பேனாவை மூடி வைத்தார்.

"கவுன்சிலைக் கலைச்சு எத்தினியோ வருஷமாச்சுங்க. இப்ப எல்லாம் தனி அதிகாரிதான். சேர்மன் இங்க வர்றது காபி குடிக்க."

பஸ் ஏறிப் போனது

சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு டவுன் பஞ்சாயத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று எதிர்வீட்டு சரசு சொன்னாள். கிராமமும் இல்லாமல் நகராட்சியும் இல்லாமல் நடுவில் இப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நின்றுகொண்டே பஸ்ஸில் போய், வியர்வையோடு என் இங்கிலீஷ் மார்க்கை எல்லாம் ஒப்பித்தேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"இங்க பால்வாடியே கிடையாதும்மா. தெரு பெருக்கத்தான் ஆள் எடுக்கிறோம், வரீங்களா?"

நடுவில் ஒரு ரோடு

ஆடியில், எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே யூனியன் ஒரு பால்வாடி திறப்பதாகச் செய்தி. விடுவேனா? துணைக்கு சரசுவையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். அதே கிளார்க். எங்கள் தெருவில் ரோட்டுக்கு இந்தச் சாரி நகராட்சி, அந்தச் சாரி கிராமமாம். கிராமத்தில் குடியிருப்பவருக்குத்தான் வேலையாம். நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "நீ எந்தச் சாரிம்மா?"

பத்தாவது பெயிலான சரசு, அந்தச் சாரி. வேலை அவளுக்கு. சேர்வதற்கு முதல் நாள் சாயந்திரம் ரோட்டைத் தாண்டி வந்து, என் அடுப்படி வாசலில் நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. பசங்களுக்கு இங்கிலீஷ் பாட்டு சொல்லித்தரணுமாம். ஜல்தியா ரெண்டு கத்துக்குடுங்களேன்."

வாடகைக்கு வீடு பார்க்கும் சகோதரிகளே, தண்ணீர் வருமா என்று கேட்கிற வாயாலேயே, வீடு இருக்கும் சாரி எந்த ஆபீசுக்குச் சேர்த்தி என்றும் கேட்டுவிடுங்கள்.