ஏழாவது கொடிக்கு முன்னால் இருந்த பள்ளம்

எங்கள் பக்கத்தில் வயலுக்குள் ஒரு பள்ளம் கிடந்தால் அந்த வயல்காரனைப் பற்றி டீக்கடையில் பேசுவார்கள். பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நாற்று அழுகும். மேட்டில் நிற்கிற பயிர் காயும். அதனால் நடவுக்கு முன்னால் மாட்டுக்குப் பின்னால் பரம்புப் பலகையைக் கட்டி இழுத்து, சேற்றைத் தட்டு மாதிரி ஆக்கிவிடுவோம். மண் சமமாக இருக்க வேண்டும் என்று கம்பத்துப் பக்கம் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அண்ணன் செய்த தப்பு இதிலிருந்துதான் வந்தது.

அண்ணன் வேலை பார்த்தது வயலில் இல்லை. கம்பம்மெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களைத் தாண்டிப் போனால் ஒரு தேயிலை எஸ்டேட். அதன் நடுவில் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட கோல்ஃப் மைதானம் ஒன்று உண்டு. ஒன்பது கொடி. ஒவ்வொரு கொடியைச் சுற்றியும் ஒட்ட வெட்டிய புல். அதைக் கிரீன் என்பார்கள். தூரத்தில் நின்று மட்டையால் அடித்து, கொடிக்கு அடியில் இருக்கிற சின்னக் குழிக்குள் பந்தைப் போட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். அண்ணன் அங்கே புல் வெட்டும் மெஷின் தள்ளினான். எங்கள் ஊரிலிருந்து ஜீப்பில் காலையில் ஏறிப்போய்ச் சாயங்காலம் இறங்குவான்.

மஞ்சக்காமாலையில் செத்தான். முதலில் பச்சிலை கொடுத்தோம். அப்புறம் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவனுக்கு இருபத்துநாலு வயசு, எனக்கு இருபது. மூன்றாம் நாள் எனக்கு நல்ல பசி. வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க நான் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் பசித்தது.

காரியம் முடிந்த மறுநாள் மைதானத்து மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊர்க்காரர்தான். அம்மாவிடம் சொன்னார்.

"ஆத்தா, ஓம் மவன் எடத்துல ஓம் மவ வரட்டும். மெஷின் தள்ள வேணாம். களை எடுக்கத் தெரியும்ல?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் வருகிறேன் என்றேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். களை எடுக்கிறதைத் தவிர வேறு என்ன தெரியும்?

ஜீப்பில் பதினெட்டுப் பேர். அடுத்த தெரு அக்கா ஒருத்தி என்னை இழுத்துத் தன் மடியிலேயே உட்கார வைத்துக்கொண்டாள். அவளை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். டிரைவரைச் சீண்டாமல் அவளுக்கு மலை ஏறாது.

"ஏலே, வளைவுல மெதுவாப் போடா. ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, சரி. எனக்கு ரெண்டு புள்ள இருக்கு."

"நீ எறங்கி நடந்து வா மதினி, ஜீப்பு தானா வேகமாப் போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் நாளே ஏழாவது கொடியைத் தேடிப் போனேன். அதற்குக் காரணம் இருந்தது. சாவதற்கு ஒரு வருசம் முன்னால், ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணன் சொன்னான்.

"ஏழாவது கொடிக்கு முன்னால பெரிய பள்ளம் ஒண்ணு கெடக்கு புள்ள. மழை பெஞ்சா தண்ணி கட்டிக்குது. வெள்ளக்காரன் இம்புட்டும் பண்ணிட்டு அங்கன மட்டும் பரம்படிக்காமப் போயிட்டான் பாரு."

"யார்ட்டயாவது சொல்ல வேண்டியதுதான?"

"இதப் போயி சொல்லிக்கிட்டு. நானே மூடிருவேன்."

மூடிவிட்டான். யாரிடமும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. புல்லைப் பத்தை பத்தையாக அறுத்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தேயிலைக்கு வாய்க்கால் வெட்டிப் போட்ட மண்ணைச் சட்டியில் சுமந்து கொட்டி, மிதித்து, புல்லை மறுபடி மேலே ஒட்டினான். மழைக்கு முன்னால் முடித்தான். எவ்வளவு ஆழம் என்று நான் கேட்டதற்குத் தன் காலைக் காட்டினான். வயலில் தண்ணீரை அளக்கிற மாதிரி. "நடுவுல முழங்கால் மட்டும். ஓரத்துல கரண்டைக்காலு. கொடியிலருந்து பதினஞ்சு எட்டுல ஓரம்." அந்தச் சமயத்தில்தான் பழைய மேனேஜர் மாறிப்போய்ப் புது மேனேஜர் வந்தார். பழையவர் சொல்லித்தான் மூடினான் என்று மேஸ்திரி நினைத்திருக்கிறார். புதியவருக்குப் பள்ளம் இருந்ததே தெரியாது.

நான் பார்த்தபோது அந்த இடத்தில் ஒரு தையல்கூடத் தெரியவில்லை. குளத்துத் தண்ணீர் மாதிரி சமமாக இருந்தது. அண்ணனுடைய சட்டைகளை அம்மா யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். வோட்டர் கார்டில் இருக்கிற படத்தில் முகம் கறுப்பாக இருக்கும், அது அவன்தான் என்று நாங்கள் சொன்னால்தான் தெரியும். அவன் கை பட்டு மிச்சம் இருந்தது இந்தத் தரை ஒன்றுதான். தினமும் மதியம் அதன் ஓரத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். மதினி இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் அவளும் தூக்குச்சட்டியோடு வந்து உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். "வெளிய சொல்லிறாத" என்றாள். அவளும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட வருகிறவர்கள், ஒரு வருசமாகத் தங்கள் ஆட்டம் நன்றாக வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட் டாக்டர் ஒருவர் ஏழாவதில் அடித்துவிட்டு, தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "என்னமோ இப்பல்லாம் பந்து சொன்ன பேச்சு கேக்குதுப்பா" என்பார். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

அடுத்த வருசம் மழைக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒருவர் வருகிறார் என்று மைதானமே பரபரப்பானது. ஊர் ஊராகப் போய்க் கோல்ஃப் மைதானங்களைப் பார்த்து, உலகத்திலேயே சிறந்தது எது எது என்று எழுதுகிறவராம். கோட்டயத்துக்காரரான மேனேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்.

"ஒரு களை காணான் பாடில்ல. ஒண்ணுகூடக் கண்ணுல படக் கூடாது. மனசிலாயோ?"

"மனசிலாச்சு சார்" என்றோம்.

வந்தவர் வயசானவர், குட்டை, தொப்பி வைத்திருந்தார். மட்டையே எடுத்துவரவில்லை. நடந்தார், குனிந்து தரையைத் தொட்டார், ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார். நாங்கள் ஆறாவதில் உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

"தினமும் நடக்கிறது நீங்கதானே? உங்களுக்கு இதுல எந்த இடம் பிடிக்கும்?"

நான் யோசிக்காமல், "ஏழாவதுங்க" என்றேன்.

"ஏன்?"

"அங்கன தரை சமமா இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். கேலியாக இல்லை. "எனக்கு அதுதாம்மா புரியல. இவ்வளவு மேடு பள்ளமான மலையில அது மட்டும் எப்படிச் சமமா இருக்கு?"

பேச்சை மாற்றக் கேட்டேன். "எத வச்சு நல்ல மைதானம்னு சொல்லுவீக? புல்லா?"

"புல்லு யாரு வேணாலும் வளர்ப்பாங்க. தண்ணி ஊத்துனா வளரும். நான் பார்க்கிறது வேற. ஒரு தடவை சுத்தி வந்துட்டு ராத்திரி கண்ண மூடினா எல்லாக் கொடியும் தனித்தனியா ஞாபகம் வரணும். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கக் கூடாது. அடிக்கிறதுக்கு முன்னாடி ஆடுறவன் நின்னு யோசிக்கணும். இங்க போனா ஆபத்து, அங்க போனா சுத்து, எப்படிப் போறதுன்னு. அந்த யோசனைய நிலமே குடுக்கணும். அப்புறம், மழை நின்ன கொஞ்ச நேரத்துல வெறுங்கால வச்சா ஈரம் ஒட்டக் கூடாது. அவ்வளவுதான்."

பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்தார். கறுப்பு வெள்ளை. ஏழாவது கொடி. அதற்கு முன்னால் பெரிய வாணலி மாதிரி பள்ளம். அதற்குள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். கீழே இறங்கி நிற்கிறதால் ஆள் குள்ளமாகத் தெரிந்தார்.

"பந்து விழட்டும்னு வேணும்னே வெட்டுன பள்ளம். இதப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்றார்.

அன்று மத்தியானம் ஏழாவதில் கூட்டம் கூடியது. மேனேஜர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"மேஸ்திரி, பள்ளம் எவிடெ?"

"சார், பழைய சார் சொல்லித்தான்... இல்ல சார், மழைல மண்ணு வந்து அடைச்சிருக்கும் சார்."

"மழை வந்து பரம்படிச்சிட்டுப் போச்சோ?" என்று மதினி என் காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மண் தோண்டும் மெஷின் குமுளியில் இருக்கிறது, நாளைக்கே கொண்டுவரலாம் என்று மேனேஜர் சொன்னார். எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. தோண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கிரீன் பக்கமாகச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடு தப்பு. அண்ணன் மூடின இடம் அதற்கு இரண்டு எட்டு இந்தப் பக்கம்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். மெஷின் வந்து எல்லாவற்றையும் வாரிப்போட்டிருக்கும், அண்ணன் பெயர் வெளியில் வந்திருக்காது. சொன்னால், மைதானத்தைக் கெடுத்தவன் என்று செத்தவனைப் பேசுவார்கள். எனக்கும் வேலை போகலாம். ஆனால் அந்த மெஷினின் பல் அவன் ஒட்டின புல்லில் இறங்குகிறதை நான் நின்று பார்க்க வேண்டியிருக்கும். அது என்னால் முடியாது என்று மட்டும் தெரிந்தது.

"மெஷின் வேணாம் சார்" என்றேன். "எங்கண்ணந்தான் மூடுனது. தண்ணி நிக்குதுன்னு மூடிட்டான். பள்ளம்னா தப்புன்னு நெனச்சுட்டான். ஓரம் எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும். நானே வெட்டுறேன்."

மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. மேனேஜர் ஏதோ மலையாளத்தில் வேகமாகச் சொன்னார். பாதி புரிந்தது, நல்ல வார்த்தை இல்லை. சென்னைக்காரர் மட்டும் கீழே உட்கார்ந்து புல்லை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆளா இத மூடினது?"

"ஆமாங்க."

"எங்க இருக்காரு?"

"செத்துப்போயிட்டான்."

அவர் தொப்பியை எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். மேனேஜரிடம், "அந்தப் பொண்ணே வெட்டட்டும்" என்றார்.

நாலு நாள் ஆனது. மதினி சட்டி தூக்கினாள், நான் வெட்டினேன். புல்லை அண்ணன் அறுத்த அதே அளவில் அறுத்து எடுத்தேன். அவன் பத்தைகளின் ஓரம் மண்ணுக்குள் இன்னும் கோடாகத் தெரிந்தது. ஓரத்தில் கரண்டை வரை, நடுவில் முழங்கால் வரை. என் முழங்கால் அவன் முழங்காலைவிடச் சின்னது, அதற்கும் சேர்த்து இரண்டு விரல் அதிகம் வெட்டினேன். வெட்டும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வேர்வைதான் வந்தது.

நாலாம் நாள் அடியில் மண்வெட்டி கல்லில் இடித்தது. ஒரு கல் இல்லை, வரிசை. உடைத்த கருங்கல்லை ஒரு சாண் அகலத்துக்குப் பரப்பி, மேலே தேயிலைச் சாக்கை விரித்து, பள்ளத்தின் நடுவிலிருந்து சரிவு வரைக்கும் கொண்டுபோயிருந்தான். வயலின் மூலையில் நாங்கள் வைக்கிற வடிகால்தான். மூடிய பிறகும் அடியில் தண்ணீர் கட்டிவிடும் என்று யோசித்திருக்கிறான். இதை என்னிடம் அவன் சொல்லவே இல்லை.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "அந்தக் கல்லையும் பேத்து எறி புள்ள. படத்துல கல்லு இல்ல."

"கல்லு மேல தெரியாதுல்ல. கெடக்கட்டும்."

"ஒங்க அண்ணனுக்குத் தப்பாத தங்கச்சி."

"ஆமா" என்றேன்.

கல்லையும் சாக்கையும் அப்படியே விட்டு, அதன்மேல் மெல்லிசாக மண் போட்டுப் புல்லை ஒட்டினேன். அதற்குள் சென்னைக்காரர் ஊருக்குப் போய்விட்டார். எனக்கு வேலை போகவில்லை. களை எடுக்க ஆள் வேண்டும்தானே.

ஜூன் மாசம் மழை பிடித்தது. ஒரு நாள் காலையிலிருந்து கொட்டி மத்தியானம் நின்றது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினேன். முன்பெல்லாம் மழைக்குப் பிறகு அங்கே தவளை கிடக்கும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். தண்ணீர் இல்லை. சரிவுப் பக்கம் கல்லுக்கு நடுவிலிருந்து விரல் தடிமனில் தெளிந்த தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சென்னைக்காரரின் பட்டியலில் எங்கள் மைதானம் வரவில்லை. காரணத்தை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

லீவில் ஊருக்குப் போயிருந்த டாக்டர் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆட வந்தார். ஏழாவதில் அடித்தார். பந்து கிரீன் ஓரத்தில் விழுந்து, நின்று, யோசித்த மாதிரி மெதுவாகத் திரும்பிப் பள்ளத்துக்குள் உருண்டுபோனது. அடுத்த அடியில் மேலே ஏறி மறுபடி உள்ளே வந்தது. நாலு தடவை. டாக்டர் மட்டையைத் தூக்கி எறிந்தார்.

"நல்லாத்தானே இருந்துச்சு! எவன்யா வெட்டுனது இத?"

மதினி என்னைக் கை காட்டினாள். "இவ வெட்டுனா சார். மூடுனது இவ அண்ணன்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஐந்தாவது அடிக்குப் பள்ளத்துக்குள் இறங்கி நின்று, கொடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் களைக்கொத்தோடு மேலே நின்று அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில்தான் மழை பெய்திருந்தது. அவர் வெள்ளை ஷூவில் சேறு இல்லை.