சிரித்தவர் அடுத்த வாக்கியம் சொல்ல வேண்டும்

நான் யாழ்ப்பாணத்துக்காரி. காஞ்சிபுரத்துக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்தேன். அவர் கொழும்பில் ஒரு கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்தபோது பழக்கம். ஊரில் நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தவள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. வேலை செய்யத் தேவையான காகிதங்கள் சரியானதும் பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் போய்க் கேட்டேன்.

தாளாளர் என் சான்றிதழ்களைவிட என் பாஸ்போர்ட்டைத்தான் அதிக நேரம் புரட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் நான் வேலைக்குச் சேரப் போனபோது பள்ளி வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் தொங்கியது. ‘வெளிநாட்டு ஆசிரியையின் நேரடி ஆங்கில வகுப்புகள்’ என்று எழுதி, மஞ்சள் முடியுள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண் கரும்பலகைக்கு முன்னால் சிரிப்பது போலப் படம் போட்டிருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்கப் பெற்றோர் சிலர் என்னைப் பார்க்கவே வந்தார்கள். ஓர் அம்மா அலுவலக அறைக்குள் எட்டிப் பார்த்து, “ஃபாரின் மிஸ்ஸு எங்க சார்?” என்று கேட்டார். எழுத்தர் என்னைக் காட்டினார். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இவங்களா? இவங்க நம்மளாட்டந்தான் இருக்குறாங்க!”

கோபப்பட ஒன்றுமில்லை. படத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்? நானும் அவரும் சேர்ந்து சிரித்துவிட்டோம்.

எனக்குக் கொடுத்தது ஏழாம் வகுப்பு ‘சி’ பிரிவு. நாற்பதுக்கும் மேல் பிள்ளைகள். நெசவு வீட்டுப் பிள்ளைகள், ஆட்டோ ஓட்டுபவர்களின் பிள்ளைகள், பட்டுக்கடையில் நிற்பவர்களின் பிள்ளைகள், அப்பாவோ அம்மாவோ கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் பிள்ளைகள். முதல் நாள் நான் உள்ளே போனபோது ஒரே இரைச்சல். மேசையைத் தட்டி, “கதைக்காதேங்கோ!” என்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். இரட்டைப் பின்னல், துறுதுறுத்த கண்கள்.

“மிஸ், நாங்க யாரும் கதை சொல்லல மிஸ். சும்மா பேசிக்கினுதான் இருந்தோம்.”

வகுப்பு சிரித்தது. நான் கேட்காத மாதிரி, “சரி, எல்லாரும் கொப்பியை எடுங்கோ” என்றேன். எங்கள் ஊரில் நோட்டுக்குக் கொப்பி என்று பெயர்.

“டேய், மிஸ்ஸே காப்பியடிக்கச் சொல்றாங்கடா!” என்றது ஒரு குரல். “காப்பி தர்றாங்களாம்பா” என்றது இன்னொன்று. ஒரு பையன் உண்மையிலேயே குழம்பிப் போய், “நோட்டா மிஸ்?” என்று கேட்டான். “ஓம்” என்றேன், ஆமாம் என்பதற்கு. அவ்வளவுதான். கோயில் ஊர்ப் பிள்ளைகள் அல்லவா? கடைசி பெஞ்சுப் பெண் கண்ணை மூடிக் கைகூப்பினாள். அவளைப் பார்த்து வரிசை வரிசையாக எல்லாரும் கைகூப்பினார்கள். என் முதல் வகுப்பு பூஜையோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். அன்றைக்கு எனக்கு அது கொஞ்சம் வலித்தது.

அடுத்த நாளிலிருந்து வகுப்பில் தமிழே பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஆங்கிலத்தில் வந்தேன், ஆங்கிலத்தில் போனேன். சிரிப்பு நின்றது. கூடவே மற்ற எல்லாமும் நின்றுபோயிற்று. கேள்வி கேட்டால் எல்லாத் தலைகளும் குனிந்தன. கரும்பலகையில் எழுதினால் அழகாகப் பார்த்து எழுதினார்கள். பாடத்தின் கேள்விகளுக்கு நோட்ஸில் இருந்த பதிலை ஒரே ராகத்தில் ஒப்பித்தார்கள். முதல் பெஞ்சில் இருந்த முதல் ரேங்க் பெண் எழுதினால் ஒரு பிழை இருக்காது; வாயைத் திறக்கச் சொன்னால் கண்ணில் நீர் கட்டிக்கொள்ளும். இரைச்சல் வகுப்பை அடக்கலாம். இந்த அமைதியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஊரில் செய்ததுபோல், ஆங்கிலத்தில் பேசினால் நட்சத்திர ஸ்டிக்கர் என்று அறிவித்தேன். ஒரு வாரத்தில் ஸ்டிக்கர்கள் கைமாறத் தொடங்கின. கடலை மிட்டாய்க்கு ஒன்று, கணக்கு வீட்டுப்பாடம் செய்து கொடுத்தால் இரண்டு. ஒரு வார்த்தை பேசாத பையனின் நோட்டு அட்டை முழுக்க நட்சத்திரம் மின்னியது. ஆசிரியர் அறையில் கணக்கு மிஸ், “நீங்க ரொம்ப சாஃப்ட்டா இருக்கீங்க. ஸ்கேலக் கைல வச்சிக்கினு போங்க. அடிக்க வேணாம், சும்மா வச்சிக்குங்க, போதும்” என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஒருநாள் எடுத்துக்கொண்டும் போனேன். குனிந்திருந்த தலைகள் இன்னும் கொஞ்சம் குனிந்தன.

ஒரு மதியம், இடைவேளை முடிந்து வகுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் குரல் கேட்டது.

“சத்தம் போடாதேங்கோ பிள்ளையள்! எனக்கு ஒண்டும் விளங்கேல்லை! கொப்பியை மூடுங்கோ!”

நான் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். கடைசி பெஞ்சுப் பெண் என் மேசைக்குப் பின்னால் நின்று, துப்பட்டாவைப் புடவைத் தலைப்பு போல இழுத்துச் செருகிக்கொண்டு என்னைப் போலவே நடித்துக்கொண்டிருந்தாள். ஏற்றம் இறக்கம் எல்லாம் அச்சு அசல். நான் வகுப்பில் தமிழ் பேசியது அந்த முதல் நாள் மட்டும்தான். மிச்சமெல்லாம் நான் வராந்தாவில் அம்மாவுடன் போனில் பேசியதைக் கேட்டுப் பிடித்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் இந்த ஊருக்கு வந்து அத்தனை மாதத்தில் என் பக்கத்தில் நின்று ஒருவர் என் தமிழைப் பேசி நான் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். வகுப்பு உறைந்தது. அவள் துப்பட்டாவை உருவிக்கொண்டு, “சாரி மிஸ்... சும்மா மிஸ்...” என்றாள்.

“இன்னொருக்கா சொல்லு” என்றேன்.

“வேணாம் மிஸ். இனிமே பண்ண மாட்டேன் மிஸ்.”

“பயப்பிடாதை. சொல்லு.”

“எனக்கு ஒண்டும் விளங்கேல்லை” என்றாள், கேட்டும் கேட்காமலும்.

“‘விளங்கேல்லை’யை இன்னும் கொஞ்சம் இழுக்க வேணும்” என்று சொல்லிக் காட்டினேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். பிறகு இழுத்தாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்றிரவு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகம் இல்லை, தேர்வு இல்லை, ஒரு பெண் தானாக என் பேச்சைக் கற்றுக்கொண்டாள். தப்பாகப் போனால் என்ன ஆகும் என்ற பயம் அவளுக்கு இல்லை, ஏனென்றால் அது விளையாட்டு. அடுத்த நாள் வகுப்பில் சொன்னேன்: “ஊரில் யாராவது ஆங்கிலம் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்களைப் போல நாளைக்குப் பேசிக் காட்ட வேண்டும்.”

நான் எதிர்பார்த்தது இரண்டு மூன்று பேரை. வந்தவர்களுக்கு நேரம் போதவில்லை. ஒரு பையன் பட்டுக்கடை வாசலில் வெளிநாட்டுக்காரரை மறிக்கும் தன் மாமாவாக வந்தான். “மேடம், கம் இன்சைட்! நோ பை, ஒன்லி லுக்கிங்!” கோயிலுக்குப் பக்கத்தில் வீடு உள்ள ஒருத்தி சுற்றுலா வழிகாட்டியானாள். “திஸ் மேங்கோ ட்ரீ வெரி வெரி ஓல்டு, சார். யூ ஸ்டாண்ட், ஐ டேக் போட்டோ.” கம்பெனி தொழிலாளி ஒருவரின் மகன், கொரியாக்காரச் சூப்பர்வைசரும் அவன் அப்பாவும் பேசுவதை இரண்டு குரலில் செய்து காட்டினான். இவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யார் சொன்னது? தெருவில் கிடந்த ஆங்கிலத்தையெல்லாம் பொறுக்கி வைத்திருந்தார்கள். வகுப்புக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு அவர்கள் பேசியதை எடுத்துக்கொண்டே பாடம் நடத்தினேன். கடைக்கார மாமா இன்னும் நன்றாகப் பேசினால் எப்படிச் சொல்வார் என்று கேட்டால் ஐந்து பேர் பதில் சொன்னார்கள். சத்தம் பக்கத்து வகுப்புவரை போனது. தாளாளர் வந்து எட்டிப் பார்த்து, “போர்ஷன் முடியணும் மிஸ்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் கடைசி பெஞ்சுப் பெண்ணின் அப்பா பள்ளிக்கு வந்தார். சாயப்பட்டறையில் வேலை. விரல் நகமெல்லாம் கிளிப்பச்சை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மிஸ், எங்க பொண்ணு வீட்ல ஒரு மாதிரி பேசிக்கினு இருக்குது. ‘ஓம்’னுது, ‘விளங்கேல்ல’னுது. இங்கிலீஷ் கத்துக்க அனுப்பிச்சா சிலோன் தமிழ் கத்துக்கினு வருது. தெருவுல எல்லாம் சிரிக்கிறாங்க மிஸ்.”

விளையாட்டுக்குத்தான் பேசுகிறாள் என்றேன். அவர் முகம் தெளியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எங்க வீட்ல தெலுங்கு மிஸ். நான் படிக்கறப்போ ஒரு நாள் கிளாஸ்ல தண்ணி வேணும்னு கேக்கறதுக்குப் பதிலா ‘நீள்ளு’ வேணும்னுட்டேன். அன்னிலேர்ந்து என் பேரே நீள்ளுதான். வாத்தியாரே அப்டிதான் கூப்டாரு. எட்டாவதோட நின்னுட்டேன். என் பொண்ணு பேசினா எவனும் சிரிக்கக் கூடாது மிஸ். அதுக்குத்தான் இங்க சேத்தேன்.”

நான் என் முதல் நாளைச் சொன்னேன். கதைக்காதேங்கோ, கொப்பி, ஓம், எல்லாவற்றையும்.

“உங்களப் பாத்தா சிரிச்சாங்க? எங்க பொண்ணுமா?”

“முதல்ல சிரிச்சதே அவதான்.”

அவர் முகத்தில் வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்போதுதான் உட்கார்ந்தார். போகும்போது வாசலில் நின்று, “நடிக்கட்டும் மிஸ், பரவால்ல. ஆனா யாராவது தெரியாம தப்பா பேசினா அப்ப சிரிக்க வுடாதீங்க” என்றார்.

மறுநாள் அதையே வகுப்பின் சட்டமாக்கினேன். நடிப்புக்குச் சிரிக்கலாம். பிழைக்குச் சிரிக்கக் கூடாது. சிரித்தவர் எழுந்து நின்று அடுத்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எனக்கும் சட்டம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு, நான் காஞ்சிபுரத் தமிழில் சொல்வேன் என்றேன். நான் யாரையும் அடக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் உதடு நெளிந்தாலே பக்கத்தில் இருப்பவர் பிடித்து எழுப்பிவிட்டார். முதல் இரண்டு வாரம் எழுந்து நின்றவர்கள்தான் அதிகம் ஆங்கிலம் பேசினார்கள்.

முதல் ரேங்க் பெண் மட்டும் பேசவில்லை. நடிக்கவும் வரவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. அரையாண்டுத் தேர்வெல்லாம் முடிந்து, தை பிறந்த பிறகு, ஒரு காலையில் ‘நேற்று நடந்தது’ என்ற தலைப்பில் எல்லாரும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கூப்பிடாமலே எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“எஸ்டர்டே மை மதர் இஸ் நாட் கேம். கம்பெனி பஸ் பிரேக். ஐ ஆம் குக்டு.”

தான் சமைத்தேன் என்று சொல்ல வந்தவள், தன்னையே சமைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டாள். எழுதியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. அவளுக்கே உடனே தெரிந்துவிட்டது. முகம் சிவந்து உட்காரப் போனாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து சாயப்பட்டறைக்காரர் மகள் கேட்டாள்:

“வாட் யூ குக்?”

உட்காரப் போனவள் நின்றாள். “உப்மா.”

“உப்மா குட்?”

“நோ. வெரி பேட். சால்ட் டூ மச். மை பிரதர் க்ரையிங்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சிரித்துவிட்டேன். எல்லா விரல்களும் என்னை நோக்கி நீண்டன. “மிஸ் லாஃபிங்! மிஸ் ஸ்டாண்ட்! நெக்ஸ்ட் சென்டென்ஸ்!”

நான் எழுந்து நின்று, “இன்னாபா நீ, உப்மாவுல இம்மாம் உப்பப் போட்டுக்கினு...” என்று தொடங்கினேன். அதை முடிக்க விட்டார்களா என்ன! முதல் ரேங்க் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மணி அடித்து அடுத்த வகுப்பு மிஸ் வாசலில் வந்து நிற்கும்வரை அவள் உட்காரவில்லை. தம்பி அழுததையும் அம்மா வந்து திட்டியதையும் தப்புந்தவறுமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முழு ஆண்டுத் தேர்வில் எங்கள் பிரிவு அதிசயம் ஒன்றும் செய்யவில்லை. சிலர் தேறவில்லை. சாயப்பட்டறைக்காரர் மகள் இலக்கணத்தில் கோட்டைவிட்டு, கரையேறினால் போதும் என்கிற மாதிரி மார்க் வாங்கினாள். தாளாளர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆனால் அடுத்த வருஷம் எட்டாம் வகுப்புக்கு யார் என்ற பேச்சு வந்தபோது, பெற்றோர் சிலர் வந்து கேட்டார்களாம், அதே மிஸ் இருக்கட்டும் என்று. தாளாளர் எனக்கு எட்டாம் வகுப்போடு ஆறாம் வகுப்பையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஆறாம் வகுப்புக்குள் நுழைந்த முதல் நாள் அங்கேயும் பெரிய இரைச்சல். வராந்தாவில் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர், இந்த மிஸ் என்ன செய்யப் போகிறார் என்று பார்க்க ஜன்னலோரம் கூடி நின்றார்கள். நான் அவர்களை விரட்டவில்லை. கதவைத் திறந்து, இவர்களுக்கும் பேசிக் காட்டுங்கோ என்று உள்ளே கூப்பிட்டேன்.