வேன் நகரவில்லை

சபையாரே, ஆண்டவர் என் கதவைத் தட்டின விதத்தைச் சொல்கிறேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் நான். ஒரு நாளும் கம்பெனி வேனைத் தவறவிட்டதில்லை. தாமதமாக வருகிறவளைத் திட்டாமல் விட்டதுமில்லை.

வேலையிலிருந்து நின்ற கொஞ்ச நாளில், போன ஆடியில், என் வீட்டுக்காரர் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களை, "எனக்கு ஒன்றும் குறையில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். யாரும் என்னைப் பாவம் பார்க்கக் கூடாது. அவ்வளவு வீம்பு. சபைக்கு வருவதும் நின்றது. பேச ஆள் இல்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். ஒரு கட்டத்தில் சாப்பாட்டையும் விட்டுவிட்டேன். இருந்து என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் நாள் காலை எழவே முடியவில்லை. பயம் வந்தது. "ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் யாரையாவது அனுப்பும்" என்று ஜெபித்தேன். ஆள் வேண்டும் என்று நான் கேட்டது அதுவே முதல் தடவை.

வாசலில் ஹாரன் அடித்தது. கம்பெனி வேன்.

"அக்கா, கதவத் தெற!" என் பக்கத்து மிஷினில் தைத்த நூர்ஜஹான்.

நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

"உள்ளதான கீற? மூணு நாளா வாசல் பெருக்கல. தெனமும் இந்தப் பக்கமா வேன்ல போவச்சொல்ல பாத்துனுதான் கீறேன்."

"போடி. கம்பெனி கேட்ட மூடிருவான்" என்றேன்.

"மூடட்டும். உன் மூஞ்சியப் பாக்காம வேன் நவுராது. லேட்டா வந்தா எங்கள இன்னா திட்டு திட்டுவ! இன்னிக்கு உன்னால அத்தினி பேரும் லேட்டு."

"சரோஜாக்காதான் லேட்டுன்னு சூப்பர்வைசராண்ட சொல்றோம்!" என்று வேனுக்குள்ளிருந்து ஒருத்தி கத்தினாள். சிரிப்பு. மறுபடி ஹாரன்.

எனக்குக் கோபம் வந்தது. என்னையா லேட்டு என்கிறாள்? சுவரைப் பிடித்து எழுந்தேன். கண் இருட்டியது. தாழ்ப்பாள் வரை நாலு அடிதான். பாலாற்று மணலில் நடந்த மாதிரி இருந்தது. திறந்ததும் அவள்மேல் சாய்ந்தேன்.

நூர்ஜஹான் சிரிக்கவில்லை. வேனை அனுப்பிவிட்டு, வேலைக்குப் போகாமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் உடம்புக்கும் மனசுக்கும் மருந்து கொடுத்தார்.

அதற்கப்புறம் தினமும் வேன் என் வாசலில் நின்றது. நான் முகம் காட்டினால்தான் நகரும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து சபைக்கு அழைத்தீர்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது ஹாரனுக்கு முன்பே வாசலைப் பெருக்கிவிட்டு நிற்கிறேன். எவள் வேனில் இல்லையோ, அவள் வீட்டுக்கு அன்று நான் போகிறேன். கதவு திறக்கும்வரை திட்டுகிறேன்.

தேவதூதன் வருவான் என்று நினைத்தேன். ஆண்டவர் பர்தா போட்ட நூர்ஜஹானை அனுப்பினார். அவருக்கே ஸ்தோத்திரம். உள்ளே பூட்டிக்கொண்டு கிடப்பவர்களே, ஜெபியுங்கள். அவர் ஆளை அனுப்புவார். தாழ்ப்பாளை மட்டும் நாம்தான் திறக்க வேண்டும்.