ஐம்பதா, நாற்பதா

வெள்ளிக்கிழமை காலை பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போகும்போது பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கணக்கு ஆசிரியர் சேவியர் சார் மாரடைப்பில் போய்விட்டார். நானும் கணக்கு டீச்சர்தான்; பத்தாம் வகுப்பில் அவருக்கு ‘அ’ பிரிவு, எனக்கு ‘ஆ’. பதினோரு வருடம் பக்கத்து மேசை. இலுப்பூரில் அடக்கத்துக்கு வந்த நீங்கள் எல்லாரும் அவருடைய கிரிக்கெட்டைப் பற்றித்தான் பேசினீர்கள். நான் வாய் திறக்கவில்லை. காரணத்தை இந்தக் குழுவிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாரம் ஒரு பீரியடு பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போவார். பெண்பிள்ளைகளும் பேட் பிடிப்பார்கள். அவர்கள் அடித்த ரன்னை வைத்தே சராசரியும் நிகழ்தகவும் நடத்துவார். “வகுக்கிறதுக்கு முன்னாடி எதால வகுக்குறோம்னு கேளுங்கப்பா” என்று ஓயாமல் சொல்வார்.

அவர் சந்தோஷப்படட்டும் என்று ஒரு மாதத் தேர்வில் நானே கிரிக்கெட் கணக்கு வைத்தேன். ஒருவர் ஐந்து ஆட்டங்களில் இருநூறு ரன் எடுத்தார், ஓர் ஆட்டத்தில் அவுட் ஆகவில்லை, சராசரி என்ன? என் விடை நாற்பது. தாள்களைத் திருத்தியதும் நான்தான்; ஏறக்குறைய அவர் வகுப்பே ஐம்பது என்று எழுதியிருந்தது. கிரிக்கெட்டில் எத்தனை முறை அவுட்டோ அதனால்தான் வகுப்பார்களாம். எனக்கு அது தெரியாது. அந்தக் கணக்குக்கு எல்லாருக்கும் பூஜ்யம் போட்டேன். போதாததற்குத் தலைமையாசிரியர் முன்னால், “வெளையாடி வெளையாடியே புள்ளைங்களுக்குக் கணக்கு கெட்டுப்போச்சு சார்” என்றும் சொன்னேன். மறுவாரமே மைதானப் பீரியடு நின்றது.

சேவியர் சார் சண்டைக்கு வரவில்லை. ஒரே ஒரு விடைத்தாளை என் மேசையில் வைத்தார். செல்வி என்ற மாணவியுடையது. ‘ஓர் ஆட்டத்துக்கு என்றால் 40. ஓர் அவுட்டுக்கு என்றால் 50. எது வேண்டும் டீச்சர்?’ என்று எழுதியிருந்தாள். அதன் மேலேயே என் சிவப்புக் கோடு. படிக்காமலே அடித்திருக்கிறேன்.

“புள்ள கேட்டதுக்குப் பதில் சொல்லிருங்க டீச்சர். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார்.

“பாக்கலாம் சார்” என்றேன். வெட்கமாக இருந்தது, வீம்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. மூன்று வருடம் அந்தப் பேச்சே எங்களுக்குள் வரவில்லை. “சாப்பிட்டீங்களா டீச்சர்?” என்று தினமும் கேட்பார். நாற்காலியை மட்டும் மைதானம் தெரியாதபடி திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தத் தாள்தான். அடக்கம் முடிந்து பள்ளிக்குத் திரும்பிய அன்று பூஜ்யத்தை அடித்து, முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டேன். செல்வி கீரமங்கலத்தில்தான் இருக்கிறாள்; தேடிப்போய்க் கொடுத்துவிடுவேன். ஆனால் பழக்கத்தில் அந்தத் தாளை முதலில் பக்கத்து மேசைப் பக்கம்தான் நீட்டினேன்.